பொற்கொல்லனும் என் பெரிய வாப்பாவும்

சிலப்பதிகாரம் பாடம் சொல்லும் ஒவ்வோர் ஆண்டும், கொலைக்களக் காதை வரும்போது வகுப்பில் ஒரு சினம் எழும். அப்போது நான், "பொற்கொல்லன் ஏன் அவ்வாறு செய்தான்?" என்று கேட்பேன். "கெட்டவன், ஐயா" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இளங்கோவடிகளின் விடை அதுவன்று. கோப்பெருந்தேவியின் சிலம்பைக் களவாடியவன் அக்கொல்லன். அக்களவு வெளிப்படுமுன் தப்ப வழி தேடியிருந்தவன் எதிரே, ஒற்றைச் சிலம்போடு ஓர் அயலூரான் வந்து நிற்கிறான். கோவலன்மீது அவனுக்குப் பகை ஏதுமில்லை. அச்சம் ஒன்றே போதுமானதாக இருந்தது. மன்னனோ ஊடிய தேவியைத் தேடி விரைகின்றான். ஆராய்ந்து பார்க்க அவனுக்கு மனமில்லை. மதுரை எரிவதற்கு வேண்டியிருந்த தீமை எத்துணைச் சிறியது!

இதனை நான் வகுப்பில் கற்கவில்லை. இளமுனைவர் பட்ட ஆய்வு செய்த நாட்களில் ஒரு சிறுகதை எழுதினேன். வெளிநாட்டிலிருந்த என் வாப்பா நம்பிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு, அவருடைய பங்கு நிலத்தை விற்றுவிட்ட பெரிய வாப்பாவே அக்கதையின் வில்லன். பெயரை மாற்றியிருந்தேன், வெறுப்பை மாற்றவில்லை. கதையில் அவர் மீசையை முறுக்கினார், ஏழைகளை எட்டி உதைத்தார். உண்மையில் அவர் உரத்துப் பேசியும் அறியாதவர். (மீசையும் அவருக்கு இல்லை.)

உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இது யாரு மவனே? இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லையே" என்றார்கள். பிறகுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்கள். பெரிய வாப்பாவுக்கு மூன்று பெண்மக்கள். கைக்கூலி கொடுக்க வழியின்றி மூத்தவரின் சம்பந்தம் முறிந்த மறுமாதம்தான் அந்தக் கிரயம் நடந்திருக்கிறது. எங்கள் நிலம் மூன்று நிக்காஹ்களாக மாறியிருந்தது.

"அப்படியானால் அவர் செய்தது சரியா?" என்று சீறினேன்.

"யாரு சரின்னு சொன்னா? ஹராம்தான். ஆனா நீ எழுதின ஆளுக்கு அதைச் செய்யத் தேவையே இல்லையே."

திறனாய்வு நூல்கள் பல படித்திருந்த எனக்கு அந்த ஒரு சொல் உறைத்தது. காரணத்தைச் சொல்வது குற்றத்தை மன்னிப்பதாகிவிடும் என்று நான் அதுவரை அஞ்சியிருந்தேன்.

1988இல் நூலாக வந்த தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை அதன்பின் மீண்டும் படித்தேன். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் கொடுமை எதையும் மீரான் மறைக்கவில்லை. எனினும் ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருகையில் முதலாளி கொள்ளும் சினத்துக்கடியில், தம் வீட்டின் உயரம் குறைந்துவிடுமோ என்ற நடுக்கத்தை நாம் காண்கிறோம். நம் வீட்டுக் குறைகளை வெளியே எழுதலாமா எனக் கேட்கும் பெரியோர், முதலாளியை நமக்குத் தெரிந்தவராக ஆக்கிய அந்த நேர்மையையும் பார்க்க வேண்டுகிறேன்.

என் கதையைத் திருத்தி எழுதினேன். அதில், பத்திர அலுவலக வாசலில் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். முன்னதைவிட அவர்மீது எனக்கு இப்போது கோபம் அதிகம். அச்சுக்குக் கொடுக்கவில்லை. அந்த மூன்று ராத்தாக்களும் இன்றும் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.