34 சென்டிமீட்டர் தண்ணீர்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். தம்பிக்கு என்ன ஆச்சு என்று பலர் போனில் கேட்டீர்கள். அப்போது யாருக்கும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். கூடவே ஒருவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

தம்பிக்குப் பித்தப்பையில் கல். அவ்வப்போது வலிக்கும். சோடா குடித்தால் சரியாகிவிடும் என்பான். ஒருநாள் அந்தக் கல் நழுவிக் குழாயை அடைத்து, கணையம் வீங்கிவிட்டது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஐசியூவில் சேர்த்தோம். இரண்டாம் நாள் வென்டிலேட்டர் வைத்தார்கள். மூன்றாம் நாள் பார்த்தபோது வயிறு தவில் மாதிரி இறுகிக் கிடந்தது. சிறுநீர்ப் பையில் ஒன்றுமே இல்லை. சலைனோ சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ளே தண்ணி போனாத்தானேம்மா வெளியே வரும்? இதுகூடத் தெரியாதா?" என்று அங்கிருந்த நர்ஸிடம் சத்தம் போட்டேன். என் பேத்தி வயதுதான் இருக்கும். "டாக்டர் சொல்லித்தான் சார் குறைச்சிருக்கோம். வயித்துக்குள்ள பிரஷர் பார்க்கணும், கொஞ்சம் வெளியே இருங்க" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கட்டிலைச் சமமாகப் படுக்க வைத்தார். சிறுநீர்க் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் கொஞ்சம் சலைன் செலுத்தினார். 25 மில்லிக்கு மேல் விடக்கூடாதாம். பிறகு குழாயை நேராகத் தூக்கிப் பிடித்து, இடுப்பு எலும்பின் பக்கவாட்டைப் பூஜ்யமாக வைத்து, தம்பி மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நேரத்தில் ஸ்கேலால் அளந்தார். 34 சென்டிமீட்டர்.

பிள்ளைகளே, வருஷா வருஷம் கரும்பலகையில் நான் வரைந்த அதே திரவ அழுத்தமானி! பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்று உங்களை எத்தனை முறை எழுத வைத்திருப்பேன்? 340 மில்லிமீட்டரை 13.6ஆல் வகுத்தால் 25. தம்பியின் வயிற்றுக்குள் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம்.

சாயங்காலம் டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். ஐசியூ நோயாளிகளுக்கு இது 5 முதல் 7 வரை இருப்பது வழக்கம். 12ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 20க்கு மேல் நிலைத்து, அதோடு ஓர் உறுப்பும் புதிதாகச் செயலிழந்தால் உயிருக்கே ஆபத்து. கணையம் இப்படி வீங்கும்போது உடம்பெங்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஒழுக ஆரம்பித்துவிடும். ஏற்றுகிற சலைன் ரத்தத்தில் தங்காமல் குடலிலும் வயிற்றிலும் தேங்கும். வயிற்றுச் சுவர் ஓரளவுதான் விரியும், அதற்குப் பிறகு கொஞ்சம் நீர் கூடினாலும் அழுத்தம் எகிறும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் நசுங்கும். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் விரிய இடம் இருக்காது.

"சராசரி ரத்த அழுத்தம் 65. அதில் 25 போனால் 40தான் சார் உறுப்புகளுக்கு மிச்சம். 60ஆவது வேணும்" என்றார். கழித்தல் கணக்குதான். நான் கேட்டபடி சலைனை வேகமாக ஏற்றியிருந்தால் தம்பியை நானே கொன்றிருப்பேன்.

மூக்குக் குழாய் வழியாக இரைப்பையைக் காலி செய்தார்கள். தசை தளர மருந்து கொடுத்தார்கள். ஊசிக் குழாய் போட்டு நீரை வடித்தார்கள். அழுத்தம் இறங்கவில்லை. கடைசியில் வயிற்றைத் திறந்து, சில நாள் மூடாமலே வைக்க வேண்டும் என்றார்கள். மேலே சுத்தமான பிளாஸ்டிக் உறை வைத்துத் தைப்பார்களாம். கொலம்பியாவில் பொகோடா நகர மருத்துவர்கள் சலைன் பையையே வெட்டித் தைத்துக் காட்டிய வழி என்பதால் அதற்குப் பொகோடா பை என்றே பெயர்.

சொந்தங்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "வயித்தத் திறந்து போட்டு யாராச்சும் பொழைப்பாங்களா?" என்றுகூடக் கேட்டார்கள். தம்பி மனைவி என்னைப் பார்த்து, "மாமா, உங்களுக்குப் புரியுதுல்ல? நீங்க சொன்னா சரி" என்றாள். டாக்டர் உத்தரவாதம் எதுவும் தரவில்லை. 25 என்ற அந்த எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன், சாட்சியாக நானும் போட்டேன். கை நடுங்கியது.

மறுநாள் காலை பையில் சிறுநீர் இருந்தது. மஞ்சளாக, கொஞ்சம்தான். அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

இன்று தம்பி எழுந்து நடமாடுகிறான். வயிற்றில் குடலிறக்கம் இருக்கிறது, பெல்ட் போட்டிருக்கிறான். அடுத்த வருஷம் அதைச் சரிசெய்யலாம் என்கிறார்கள். எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை என்பதும் தெரியும். பக்கத்துக் கட்டில்காரர் வீடு திரும்பவில்லை.

பித்தக்கல் வலிக்கிறதென்றால் தள்ளிப் போடாதீர்கள். ஐசியூவில் உங்கள் ஆள் கிடந்து, வயிறு இறுகி, சிறுநீர் குறைந்தால், "வயிற்றுக்குள் அழுத்தம் அளந்தீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கையால் அமுக்கிப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. என்னைப் போலச் சத்தம் போடாதீர்கள்.

மறுபரிசோதனைக்குப் போனபோது அந்தப் பெண்ணைத் தேடினேன். வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். என் மாணவிகளில் நர்ஸ்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்: என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா. அன்றைக்குப் பாடம் தெரிந்தவர் நீங்கள்தான்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்