மடிப்பைத் தேடும் கண்

பம்பாயின் சயான் நிலையத்திலிருந்து அண்ணாச்சியின் இடம் நடந்து போகும் தூரம்தான். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், இரண்டாவது மாடி. அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய நோட்டுகளைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். "முதல்ல கையக் கழுவி, ஈரம் போகத் துடைச்சிட்டு வாங்க" என்றார்.

மேசை விளக்கைச் சாய்த்து வைத்து, ஓர் ஒரு ரூபாய் நோட்டைத் தந்தார். நேராகப் பார்த்தால் புத்தம் புதிது. பக்கவாட்டு வெளிச்சத்தில் நடுவே மெல்லிய கோடு தெரிந்தது. யாரோ ஒருமுறை மடித்திருக்கிறார்கள். அந்தக் கோடு போதும், நோட்டு யு.என்.சி. (புழங்காதது) தரத்திலிருந்து ஏ.யு.வுக்கு (ஏறத்தாழப் புழங்காதது) இறங்கிவிடும். இரண்டு மூன்று மடிப்பு என்றால் எக்ஸ்.எஃப். (மிக மிக நன்று); கை மாறித் தளர்ந்தும் பெரிய அழுக்கில்லை என்றால் வி.எஃப். (மிக நன்று). அதற்குக் கீழேயும் படிகள் உண்டு. அமெரிக்காவின் பி.எம்.ஜி. நிறுவனம் இதையே 70 வரை மதிப்பெண்ணாகப் போட்டு, நோட்டைக் கெட்டியான உறைக்குள் மூடித் தருகிறது. "அச்சு ஒண்ணுதான். ஆனா யு.என்.சி.க்கும் வி.எஃப்.புக்கும் விலை மலையும் மடுவும்" என்றார் அண்ணாச்சி.

அடுத்து அவர் எடுத்தது ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஐந்து ரூபாய். ரிசர்வ் வங்கி 1938இல் முதன்முதலாக வெளியிட்ட நோட்டு இந்த வகைதான். இடது ஓரத்தில் ஊசித்துளைகள். "இது எங்க ஆளுங்க செஞ்ச பாவம்" என்று சிரித்தார். கட்டுக் கட்டாக பின் அடிப்பது நம் வங்கிகளின் பழக்கமாக இருந்தது. 2001 நவம்பரில்தான் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. அதனால் இந்திய நோட்டில் துளையைச் சேகரிப்பாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். துளையே இல்லாத பழைய நோட்டு வந்தால்தான் அண்ணாச்சி லென்ஸை எடுக்கிறார், யாராவது அடைத்திருக்கிறார்களா என்று பார்க்க.

அதைவிட மோசம், கழுவி இஸ்திரி போட்ட நோட்டு. மடிப்பு மறைந்திருக்கும், ஆனால் அச்சின் மேடுபள்ளமும் சேர்ந்து தட்டையாகியிருக்கும். விரலால் தடவினால் வழவழக்கும். ஜன்னலுக்கு நேரே பிடித்தால் இழை மெலிந்த இடம் வெளுப்பாகத் தெரியும். எனக்கு இந்தப் பாடம்தான் கடினமாக இருந்தது. கண்ணைவிட விரல் முந்திக்கொள்ள வேண்டிய வேலை.

விலை என்று வந்தால் தரம் மட்டும் போதாது. யார் கையெழுத்து, எந்த வரிசை எண் என்றெல்லாம் பார்க்க வேண்டும். 1969 காந்தி நூற்றாண்டு நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் எல்.கே. ஜா கையெழுத்தும் உண்டு, 1970இல் 42 நாள் மட்டுமே ஆளுநராக இருந்த பி.என். அடர்கார் கையெழுத்தும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகத் தேடி வாங்குவார்கள்.

அட்டவணைப் புத்தகத்தில் 1954ஆம் ஆண்டின் ஆயிரம் ரூபாய் நோட்டைக் காட்டினார். பின்புறம் தஞ்சைப் பெரிய கோயில். முன்புறம் வெளியிட்ட அலுவலகத்தின் ஊர்ப் பெயர்: பம்பாய், மதராஸ், கல்கத்தா. ஊர் மாறினால் விலையும் மாறுகிறது. 1978 ஜனவரி 16 அன்று செல்லாததாக்கியதும் பெரும்பாலான நோட்டுகள் வங்கிக்குப் போய் அழிந்தன. மிச்சம் தப்பியவற்றுக்குத்தான் இந்த மவுசு.

சேமிப்பும் தனிக் கலை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் சயானில் ஈரம்தான் முதல் எதிரி. பி.வி.சி. உறைகள் நாளடைவில் ஒட்டிக்கொண்டு தாளைக் கெடுக்கும் என்று பாலியெஸ்டர் உறைகளையே வைத்திருக்கிறார். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்.

இதற்கிடையே தாராவியிலிருந்து ஒரு பையன் வந்தான். கையில் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய். கைபேசியில் வந்த செய்தியில் பல லட்சம் தருவதாகச் சொல்கிறார்களாம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்ட வேண்டுமாம். தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டுக்குக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருந்தது. அண்ணாச்சி நோட்டை விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் கிடந்த நோட்டு.

"தம்பி, இது இன்னும் செல்லும். கடையில குடுத்தா அஞ்சு ரூபாய்க்குச் சாமான் தருவான். கட்டணம் கட்டிராத, என்ன?"

பையன் நம்பவில்லை. இன்னொரு கடையில் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.