பெர்லில் பரிவர்த்தனைக்கு ஒரு துணை ஃபங்ஷன்

ஒரு தேயிலைத் தோட்டக் கணக்கில் கொழுந்து நிறுவை ஓர் அட்டவணையிலும் அதற்கான கூலி இன்னொன்றிலும் ஏறுவதாக வைத்துக்கொண்டால், ஏறினால் இரண்டும் ஏற வேண்டும். அதற்கான துணை ஃபங்ஷன், வேலையை ஒரு கோட் ரெஃபரன்ஸாக வாங்கி, பெர்லின் தரவுத்தள இடைமுகமான டிபிஐ-யின் ‘பிகின்_வொர்க்’கை அழைத்து, ‘இவால்’ தொகுதிக்குள் ஓட்டுகிறது. ‘கமிட்’டும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். ‘ரெய்ஸ்எரர்’ போடாவிட்டால் பிழை ஓட்டத்தை நிறுத்தாமல் நழுவி, பாதிக் கணக்கு பதிவாகிவிடலாம்.

பலரும் கோட்டைவிடுவது, பிழை வந்ததும் செய்ய வேண்டிய ‘ரோல்பேக்’கில்தான். அதுவும் தோற்றால் முதல் பிழைச் செய்தி அழிந்துபோகலாம்; அதை முன்கூட்டியே தனி மாறியில் எடுத்துவைத்து, பின்னர் ‘டை’ மூலம் மீண்டும் எழுப்புவதே சரி. ஏற்கெனவே பரிவர்த்தனை ஓடிக்கொண்டிருந்தால் பிகின்_வொர்க் மறுத்துவிடும். எனவே ‘ஆட்டோகமிட்’ நிலையை முதலில் பார்த்து, உள்ளழைப்பு கமிட்டை வெளியழைப்பிடமே விட வேண்டும்.

டிபிஐஎக்ஸ்::கிளாஸ் வைத்திருப்பவர்கள் இவ்வளவும் எழுத வேண்டாம். அதிலுள்ள ‘டிஎக்ஸ்என்_டூ’ போதும்.