தண்ணீர் இல்லாத குடம்

படங்களைக் காட்ட என் வீட்டுக்கு வரும் இளைஞர்களில் பலரும் கேட்பது ஒரே கேள்விதான். "எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்ப சார் வரும்?" பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்டே தலை நரைத்தவன் என்பதால் என்னிடம் அதற்கு மருந்து இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். ஸ்டைலைத் தேடி அலையாதீர்கள், வரைய வேண்டிய பொருளைத் தேடிப் போங்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறில்லை.

அண்மையில் வந்த ஒரு தம்பிக்கு அருமையான கை. கோடு நடுங்கவில்லை, வண்ணம் துப்புரவாக இருந்தது. தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு திரும்பும் பெண்ணை வரைந்திருந்தார். அந்தப் பெண் நிமிர்ந்து, நேராக நடந்தாள். "குடத்துல தண்ணியே இல்லையே தம்பி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நிறைகுடம் இடுப்பில் ஏறினால் அந்தப் பக்கத்து இடுப்பு வெளியே தள்ளும். மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாயும். குடத்தின் கழுத்தை வளைத்த கை இறுகும். மற்றக் கை உடம்பை விட்டு விலகி நிற்கும். எட்டு சின்னதாக விழும். காலிக் குடம் என்றால் இதில் எதுவும் இல்லை. அவர் செல்போனில் கிடைத்த புகைப்படம் ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கிறார். போட்டோவுக்கு நின்ற பெண் வெறுங்குடத்தோடு நின்றிருப்பாள்.

தண்ணீர் லாரி வரும் தெருவில் காலையில் போய் உட்காருங்கள் என்று அனுப்பினேன். மறுபடி அவர் கொண்டுவந்தவை வெறும் பென்சில் கிறுக்கல்கள். முகம் இல்லை, விரல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் பாரம் இருந்தது. அந்தக் கிறுக்கலைப் போல வேறு யாரும் கிறுக்க முடியாது. ஸ்டைல் என்று அவர் கேட்டது அதைத்தான்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இப்படித்தான் வளர்ந்தார்கள். சில்பி என்று நாம் அறிந்த பி.எம். சீனிவாசன், ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வந்த காலத்தில் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். கல்லின் மூக்கு எங்கே உடைந்திருக்கிறது, அணிகலனின் முத்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று அந்தப் பேனாக் கோடுகள் சொல்லும். 1950இல் கல்கியில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னுக்குப் படம் போட்ட மணியத்தை, ஆசிரியர் கல்கி தன்னோடு இலங்கைக்கு அழைத்துப் போனார். எழுதுகிறவர் பார்த்த இடத்தை வரைகிறவரும் பார்க்க வேண்டும் என்று ஆசிரியரே நினைத்த காலம் அது. தஞ்சாவூரில் 1924இல் பிறந்த கோபுலு 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு வரைந்த நாயனக்காரர்கள் சீவாளியை வாயில் வைக்கும் விதமே வேறு. மூச்சு பிடித்த கன்னம் கழுத்து நரம்பு வரை இழுக்கும். காவிரிக்கரைக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த கண்ணுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூவர் கோடும் மூன்று விதம். மூவரும் போய்ப் பார்த்தவர்கள்.

அச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் தொழிலுக்கு வந்தபோது லைன் பிளாக் காலம். துத்தநாகத் தகட்டில் அரித்து எடுப்பார்கள். மயிரிழைக் கோடு தகட்டிலேயே அறுந்துபோகும். நெருக்கிப் போட்ட கோடுகளுக்கு நடுவே மை அடைத்து, மட்டக் காகிதத்தில் அப்பிக்கொள்ளும். ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து, சுருங்கினால் எப்படி இருக்கும் என்பதை மனசில் வைத்தே இந்தியன் இங்க்கைத் தொடுவோம். இன்று உங்கள் படத்தை வாசகர் உள்ளங்கையளவு திரையில் பார்க்கிறார். டேப்லெட்டில் பெரிதாக்கிக்கொண்டு கண் இமையை இழைக்கிறீர்கள். அது யார் கண்ணிலும் படாது. சுருக்கிப் பாருங்கள், நிற்கிறதா, நடக்கிறதா என்று அப்போதும் தெரிந்தால் படம் சரி.

கதையை முழுக்கப் படியுங்கள். ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு வரிச் சுருக்கம் அனுப்பி "ஒரு அம்மா அழற மாதிரி போடுங்க" என்பார்கள். கெஞ்சியாவது கதையை வாங்கிப் படியுங்கள். அந்த அம்மா அழுகிற இடத்தைவிட, அழாமல் அரிசி களைகிற இடம் படத்துக்கு உகந்ததாக இருக்கலாம். கம்ப்யூட்டரே நொடியில் படம் போட்டுத் தருகிற இந்த நாளிலும் உங்களைத் தேடி வருவார்கள் என்றால், கதைக்குள் இப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கிறவர் நீங்கள் என்பதற்காகத்தான் வருவார்கள். கேட்ட தேதிக்குப் படம் போய்ச் சேர்வதும் அவ்வளவே முக்கியம். அச்சகம் யாருக்காகவும் காத்திருக்காது.

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைகள் குறைந்துவிட்டன, உண்மைதான். ஆனால் சிறுவர் புத்தகங்களில் வேலை வளர்ந்திருக்கிறது. சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட பஜ்ஜு ஷ்யாமின் லண்டன் புத்தகத்தை அவசியம் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர் அவர். ஓர் உணவகச் சுவரில் வரைய லண்டனுக்குப் போய்வந்தவர், அந்த ஊரின் மணிக்கூண்டைச் சேவலோடு சேர்த்து வரைந்தார். அவர் ஊரில் நேரம் சொல்வது சேவல்தானே! லண்டனைத் தன் கண்ணாலேயே பார்த்தார், அதனால் இன்னொருவர் பாணி அவருக்குத் தேவைப்படவில்லை.

இனி காசு விஷயம். இதைப் பேச நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17, 19 ஆகிய பிரிவுகளை ஒருமுறை படித்து வையுங்கள். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிவிடலாம். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே எழுத்தில் பேசுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். எந்தப் புத்தகத்துக்கு, எத்தனை பதிப்புக்கு, அட்டைக்கா உள்ளேயா, மின்னூலுக்கும் சேர்த்தா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொள்கிறவரிடம் வேலை செய்யாதீர்கள். காகிதத்தில் வரைகிறவர்கள் ஒரிஜினலைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். எங்கள் தலைமுறையின் எத்தனையோ படங்கள் பிளாக் எடுத்த பிறகு பழைய காகிதத்தோடு எடைக்குப் போயின. உங்கள் படங்களுக்கு அந்தக் கதி வர வேண்டாம்.