ஊசியும் ஏடும்

அலுவலகத்தில் ஏழு நாள் விடுப்புக் கிடைத்தது. வெளியூர்ப் பயணம் வேண்டாமென்று, பாகான் செராயில் நமது இல்லத்திலேயே புத்தகங்களோடு பொழுது போக்கத் துணிந்தோம். மேசைமீது நூல்களை அடுக்கிவைத்து, ஓய்வென்றால் இதுவன்றோ ஓய்வு என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

சாளரத்துக்கு அப்பால் கிரியான் வட்டாரத்து நெல்வயல்கள். புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து 1906இல் பாசனம் பெற்ற நிலம் இது. சாளரத்துக்கு இப்பால் நமது அன்னையார், கையில் இரண்டு பின்னல் ஊசிகளோடும் மடியில் கம்பளி நூலுருண்டையோடும் அமர்ந்திருந்தார். இவ்வெப்ப நாட்டில் கம்பளி எதற்கு என்று நகைக்க வேண்டாம். கேமரன் மலையில் வாழும் பேத்தியின் குழந்தைக்குக் குல்லாய்.

அன்னையார் முப்பதாண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்ற கால்கள் இன்றும் நாலரை மணிக்கு விழித்துக்கொள்கின்றன. ஊசியிலேறும் ஒவ்வொரு வரிசையையும் அவர் ‘நிரை’ என்றே சொல்வார்; ரப்பர் மரங்களின் நிரைதான் அவர் அறிந்த கணக்கு. எழுத்து அறியார். பத்துப் பிள்ளைகள் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வைத்தல் வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. அவரது தோட்டத்திலும் பள்ளி இருந்தது. ஆனால் தம்பியை இடுப்பில் சுமந்த பெண்ணுக்கு அதன் வாயில் வரைதான் வழியிருந்தது.

முதல் இரு நாளும் நாம் மௌனமாய்ப் படித்தோம். மூன்றாம் நாள், “உனக்குள்ளேயே படித்தால் எனக்கென்னப்பா தெரியும்?” என்றார். அன்று முதல் உரக்கப் படித்தோம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை எடுத்தோம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாய்ப் போன மருதியின் கதை. பாதியில் ஊசிகள் நின்றன. “இதைக் கதையென்றா எழுதி வைத்திருக்கிறார்கள்?” என்றார். மேலே படிக்க வேண்டாமென்று நினைத்து ஏட்டை மூடினோம். “மூடாதே, அவள் பிறகு என்ன ஆனாள்?” என்றார்.

நாலாம் நாள், வை. மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிச் சொன்னோம். குழந்தைப் பருவத்தில் மணம் முடிக்கப்பெற்று, பள்ளி சென்றறியாத அவ்வம்மையார், தமது முதல் நாடகத்தைத் தாம் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். பின்னர்த் தாமே எழுதப் பழகி, 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். நூறு புதினங்களுக்கு மேல் படைத்தார். இதைப் பெருமிதத்தோடு விரித்துரைத்தோம். அன்னையார் கண்ணிகளை எண்ணியபடியே கேட்டார்: “கலியாணத்துக்குப் பிறகா எழுதக் கற்றுக்கொண்டார்?”

“ஆம்.”

“யார் சொல்லிக்கொடுத்தது?”

நமக்கு விடை எழவில்லை. பெண் கல்வியைக் குறித்து எத்தனை மேடைகளில் முழங்கியிருப்போம்! எத்தனை தாள் எழுதியிருப்போம்! அவற்றுள் ஒன்றையேனும் படிக்க வல்லவராய் இம்மூதாட்டியை ஆக்க நமக்கு ஒரு மாலைப்பொழுது கிட்டாமற் போயிற்றே. நாம் மேடைக்குப் புறப்படுந்தோறும் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தந்தவரும் இவரே.

ஆறாம் நாள் அவரே கேட்டார். குழந்தையின் பெயருக்கு முதலெழுத்து எது? அதைக் குல்லாயில் பின்ன முடியுமா? ‘ப’ என்றோம். கட்டமிட்ட தாளில் வரைந்து காட்டினோம். வளைவு நெளிவு இல்லாத எழுத்து. பின்னலுக்கென்றே பிறந்தது போலும்! நெடுநேரம் விரலால் அதன்மேல் தடவிப் பார்த்தார். “பால் மங்கு மாதிரி இருக்கிறது” என்றார்.

தாளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் இருபுறக் கோடுகளையும், பிறகு அடிக்கோட்டையும் பின்னினார். பின்னலோ கீழிருந்து மேலே வளர்வது. ஏழாம் நாள் மாலை குல்லாயைத் தூக்கிப் பிடித்தபோது எழுத்துத் தலைகீழாய் நின்றது. நாம் வாய் திறக்குமுன் அவரே கண்டுகொண்டார்.

“மங்கு கவிழ்ந்து கிடக்கிறதே, பால் எங்கே நிற்கும்?” என்று சொல்லி, பின்னிய நிரைகளைப் பிரிக்கத் தொடங்கினார்.