தாளம் போட்ட மதராஸ் பிள்ளை

எங்கள் வீட்டு மாடி அறையில் ஆறு மாதமாக ஒரு ராக் கோஷ்டி குடியிருக்கிறது. குடிக்கூலி கிடையாது, காப்பிச் செலவும் நம்முடையதுதான்! அண்ணன் பிள்ளையும் அவனுடைய கல்லூரித் தோழர்கள் மூவரும் சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தால், எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைப் படாரென்று சாத்திவிடுவாள்.

போன சனிக்கிழமை டிரம் அடிக்கும் பையனைக் காணோம். அவன் இடத்தில் ஒரு புது முகம்.

"பழைய பிள்ளை எங்கேடா?" என்றேன்.

"இவன் இன்னும் நன்றாக வாசிக்கிறான், அத்தை" என்றான் மருமகன், என் முகத்தைப் பாராமல்.

"அவனிடம் சொல்லியாயிற்றா?"

பதில் இல்லை.

எனக்கு மோனா பெஸ்ட் அம்மாளின் ஞாபகம் வந்தது. பையன்களை உட்காரச் சொல்லிக் கதையை ஆரம்பித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

மோனா டில்லியில் பிறந்தவள். அவளுடைய மூத்த பிள்ளை பீட் 1941-ல் பிறந்தது நம் மதராஸில்! 1945-ல் அந்தக் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1954-ல் மோனா தன் நகைகளை அடகு வைத்து, டெர்பி பந்தயத்தில் ஒரு குதிரையின்மேல் கட்டினாள். (நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்!) குதிரை ஜயித்தது, ஒன்றுக்கு 33! அந்தப் பணம் ஒரு பெரிய வீடு வாங்க உதவியது.

அந்த வீட்டு நிலவறையில் 1959 ஆகஸ்டில் இளைஞர்களுக்கென்று 'காஸ்பா' என்ற காப்பி கிளப்பைத் திறந்தாள். திறப்பு நாளில் வாசிக்க வந்த பையன்களே முன்கூட்டி வந்து வர்ணம் பூசிக் கொடுத்தார்கள். 'குவாரிமென்' என்பது அந்தக் கோஷ்டியின் பெயர். ஜான் லென்னன் பள்ளிக்கூட நாளில் ஆரம்பித்தது. 1957-ல் மாதாகோவில் விழா ஒன்றில் பால் மக்கார்ட்னியைச் சந்தித்தான். மறு வருஷம் ஜார்ஜ் ஹாரிசனும் சேர்ந்தான்.

1960-ல் கோஷ்டிக்குப் 'பீட்டில்ஸ்' என்று பெயர் மாறியது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்திலிருந்து அழைப்பு வந்தது. டிரம் அடிக்க ஆள் இல்லை. மோனாவின் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு ஆகஸ்டு 16-ந் தேதி புறப்பட்டார்கள். அங்கே ராத்திரிதோறும் மணிக்கணக்காக வாசித்து, விளையாட்டுப் பிள்ளைகள் தேர்ந்த வித்வான்களாகத் திரும்பினார்கள்.

1962 ஜூனில் லண்டனில் ஒரு பதிவு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம் வாசிப்பு திருப்தியளிக்கவில்லை. ஆகஸ்டு 16-ந் தேதி, புறப்பட்டுச் சரியாக இரண்டு வருஷம் கழித்து, மானேஜர் பிரையன் எப்ஸ்டீன் பீட்டைக் கூப்பிட்டு விலக்கிவிட்டதாகச் சொன்னார். தோழர்கள் மூவரில் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை! ரிங்கோ ஸ்டார் வந்தார். அக்டோபரில் முதல் இசைத்தட்டு வந்தது. பிறகு உலகமே அவர்கள் பின்னால் ஓடியது.

பீட் கொஞ்ச காலம் ரொட்டி மூட்டைகளை வண்டியில் ஏற்றினார். பிறகு சர்க்கார் உத்தியோகம். 1995-ல் பழைய பதிவுகள் 'ஆந்தாலஜி' என்ற தொகுப்பில் வெளிவந்தபோதுதான் அவர் வாசிப்புக்கும் பணம் வந்தது.

மோனா என்ன செய்தாள் தெரியுமா? 1967-ல் ஓர் இசைத்தட்டின் அட்டைப் படத்துக்காக ஜான், அவளுடைய தகப்பனாரின் பட்டாளத்து மெடல்களைக் கேட்டான். பிள்ளையை விலக்கிய கோஷ்டி! அவள் எடுத்துக் கொடுத்தாள். 'சார்ஜண்ட் பெப்பர்' அட்டையில் ஜானின் மார்பில் இருப்பவை அவைதாம். அந்த மனசு எனக்கு வருமா என்று கேட்டுப் பார்த்தேன். வராது என்றே தோன்றியது.

"ஆளை மாற்றுவது தப்பில்லையடா. கோஷ்டி வளர்ந்தால் மாறத்தான் செய்யும். ஆனால் கூட இருந்தவனிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்ல வேண்டாமா?" என்றேன்.

மருமகன் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனான். ஒன்பது மணிக்குத்தான் திரும்பினான்.

"என்னடா சொன்னான்?"

"நன்றாகத் திட்டினான், அத்தை. அப்புறம் அவன் அம்மா தோசை வார்த்துப் போட்டாள்."