சில்லறைக் காசும் ஹக்குத்தான்

வயோதிபப் பெற்றோரின் வங்கிப் புத்தகத்தை நம்மில் எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்?

என் உம்மாவின் சேமிப்புக் கணக்கில் 'அட்டைக் கட்டணம்' என்று வருடாவருடம் பணம் கழிக்கப்பட்டிருந்தது. உம்மா அட்டை கேட்டதுமில்லை, கையில் வாங்கியதுமில்லை. "போகட்டும் மகன், சில்லறைக் காசுதானே" என்றார்கள். "சில்லறையானாலும் அது உங்கட ஹக்கு உம்மா" என்றேன்.

வங்கிக் கிளையில் விசாரித்தபோது, "அது வழமைதான்" என்று வாய்ப் பேச்சில் முடித்துவிட்டார்கள். எனவே திகதியையும் தொகையையும் ஒவ்வொன்றாகக் குறித்து, உம்மாவின் கையொப்பத்துடன் முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்தேன். பிரதியில் 'கிடைத்தது' என முத்திரையும் பெற்றுக்கொண்டேன். மூன்றாம் வாரம் பணம் கணக்குக்குத் திரும்பி வந்தது.

சகோதரிகளே, கட்டணங்களை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது வங்கியின் கடமை. முதலில் வங்கிக்கே எழுதுங்கள். அங்கு நியாயம் கிடைக்காவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1935.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதே. எழுத இயலாத உம்மா வாப்பாவுக்காக நாம் எழுதிக் கொடுப்பதும் அவர்களுக்குச் செய்யும் கித்மத்தில் சேர்ந்ததுதான்.